டாங்கிக்கு ஹெல்த் பார் கிடையாது மக்களே!

"டாக்டர், போர் விமானத்துல இருந்து துப்பாக்கியால சுட்டா டாங்கி உடனே வெடிச்சுடுமா? கேம்ல ஒரு தடவை சுட்டாலே நாலு டாங்கி காலி ஆகுது. நிஜத்துலயும் அப்படித்தானா?"

இன்பாக்ஸில் வந்த கேள்வி இது. கேட்டவர் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு தம்பி. விமானப்படையில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை.

சுருக்கமான பதில்: பெரும்பாலும் அப்படி இல்லை தம்பி.

ஆனால் "ஏன் இல்லை" என்பதுதான் சுவாரசியமான கதை. அதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். கேம் ஆடுபவர்கள் மட்டும் படிப்பதற்காக அல்ல. வாட்ஸ்அப் வைத்திருக்கும் எல்லோரும் படிக்கணும். காரணம் கடைசியில் புரியும்.

"ஒரு எம்பிபிஎஸ் டாக்டருக்கு எதுக்கு டாங்கி ஆராய்ச்சி?" என்று சிலர் கேட்பீர்கள். டியூட்டி இல்லாத நாட்களில் நானும் விமான சிமுலேட்டர் ஆடுபவன்தான். ஆடி ஆடி எனக்குப் புரிந்தது ஒன்று. டாங்கி என்பது கிட்டத்தட்ட மனித உடம்பு மாதிரி. அதற்கும் எலும்பு உண்டு, உறுப்பு உண்டு, ரத்தம் மாதிரி எரிபொருள் உண்டு. எங்கே அடி பட்டது என்பதுதான் முக்கியம். எத்தனை அடி பட்டது என்பது அடுத்த கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

❖ முதலில் தூரம்

முட்டுக்காடு வந்திருப்பீர்கள். இசிஆர் பாலத்தில் நின்று காயலைப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும் சின்னப் படகு கண்ணுக்கு எவ்வளவு தெரியும்? கையை நேராக நீட்டி விரல் நுனியில் ஒரு பச்சைப்பயறை வைத்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்.

டி-59 மாதிரி ஒரு டாங்கியின் உடல் நீளம் சுமார் 6 மீட்டர். அதாவது அந்தப் படகு அளவுதான்.

இப்போது நீங்கள் நிற்கவில்லை. மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பச்சைப்பயறை நோக்கிப் பாய்கிறீர்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுட ஆரம்பித்தால், 400 மீட்டருக்குள் விமானத்தை மேலே தூக்கியாகணும். இல்லாவிட்டால் தரையில் மோதுவீர்கள், அல்லது நீங்கள் சுட்ட குண்டின் சிதறலே உங்கள் மேல் வரும்.

கணக்குப் போடுங்கள். உங்களுக்குக் கிடைப்பது மூன்று வினாடி.

மூன்றே வினாடி மக்களே! அதற்குள் குறி பார்க்கணும், விமானத்தை ஆடாமல் பிடிக்கணும், சுடணும், தப்பிக்கணும். கீழே இருந்து நம்மைச் சுடுபவனை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

❖ அடுத்தது சிதறல்

பல கேம்களில் குண்டுகள் நூல் பிடித்த மாதிரி ஒரே புள்ளியில் போய் விழும். நிஜத்தில் அப்படி விழாது.

உலகிலேயே டாங்கியை அடிப்பதற்காகவே ஒரு துப்பாக்கியைச் செய்து, அதைச் சுற்றி ஒரு விமானத்தைக் கட்டினார்கள் என்றால் அது அமெரிக்காவின் ஏ-10. அதிலுள்ள 30 மி.மீ. துப்பாக்கிக்கு ஏழு குழல். நிமிடத்துக்கு 3,900 குண்டு சுடும் வேகம். மொத்தம் 1,174 குண்டு கொள்ளும். அந்தத் துப்பாக்கியே 1,200 மீட்டர் தூரத்தில் இருந்து சுட்டால், 80 சதவீத குண்டுகள் சுமார் 12 மீட்டர் அகலமுள்ள வட்டத்துக்குள் விழும். இதுவே மிகத் துல்லியமான துப்பாக்கி என்று பெயர் வாங்கியது! டாங்கியின் அகலமோ மூன்றேகால் மீட்டர்தான்.

1970களின் கடைசியில் அமெரிக்கர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பழைய எம்-47 டாங்கிகளை சோவியத் படை அணிவகுப்பது போல நிறுத்தி, ஏ-10 விமானங்களைத் தாழப் பறந்து சுடச் சொன்னார்கள். அப்படி ஒரு சோதனையில்,

➡ சுட்டது 174 குண்டு
➡ டாங்கி மேல் பட்டது 90
➡ கவசத்தைத் துளைத்தது 30

நகராத டாங்கி, உள்ளே ஆள் இல்லை, திருப்பிச் சுட யாரும் இல்லை. அப்போதே இவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் ஏ-10 பைலட்டுகளுக்கு ஒரு வண்ணம் தீட்டும் புத்தகம் கொடுத்தார்களாம் என்றால் சிரிப்பீர்கள். உண்மைதான். சோவியத் டி-62 டாங்கியின் படம் போட்டு, எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில் சுட்டால் துளைக்கும் என்று பாகம் பாகமாக விளக்கிய புத்தகம். முதலாமாண்டு மருத்துவ மாணவன் அனாடமி படத்துக்கு வண்ணம் தீட்டிப் படிப்பதைப் போலவே!

ஏன் அனாடமி தெரியணும்? டாங்கியின் கவசம் எல்லாப் பக்கமும் ஒரே கனம் கிடையாது. டி-59 குடும்பத்தை எடுத்துக்கொண்டால், முன்பக்க உடல் கவசம் 100 மி.மீ., அதுவும் சாய்வாக. பக்கவாட்டில் 80. மேல்கூரைக்குப் போனால் சுமார் 30தான். நம் மண்டை ஓடு கெட்டி, வயிறு மெத்து என்பது போலத்தான் இதுவும்.

❖ இப்போது என் ஏரியா: "அழிந்தது" என்றால் என்ன?

கேம்களில் டாங்கிக்கு மேலே ஒரு பச்சைக் கோடு இருக்கும், அல்லது கண்ணுக்குத் தெரியாத ஒரு எண் உள்ளே இருக்கும். நூறில் இருந்து குறையும். பூஜ்ஜியம் வந்ததும் டமால்!

காக்பிட்டில் உள்ள ஒவ்வொரு சுவிட்சையும் அச்சு அசலாகச் செய்திருக்கும் டிசிஎஸ் போன்ற சிமுலேட்டரிலும் நெடுங்காலமாகத் தரை வாகனங்களுக்கு இந்த எண் கணக்குதான். 99 வரை அடி வாங்கிய டாங்கியும் ஜம்மென்று ஓடும், சுடும். நூறாவது அடியில் செத்துப்போகும்.

என் கேஷுவாலிட்டிக்கு வரும் எந்த நோயாளியும் இப்படி வந்தது கிடையாது!

தொடை எலும்பு முறிந்தவர் உயிரோடு இருப்பார், பேசுவார், ஆனால் நடக்க மாட்டார். கை நரம்பு வெட்டுப்பட்டவர் நடந்தே வருவார், ஆனால் ஒரு டம்ளரைத் தூக்க முடியாது. தலையில் அடிபட்ட இன்னொருவர் வாசலுக்கு வரும் முன்பே போயிருப்பார்.

ராணுவ ஆய்வாளர்களும் டாங்கியை இப்படித்தான் பிரிக்கிறார்கள்.

1. நகர முடியாமல் போவது. சங்கிலிப்பட்டையோ இன்ஜினோ போச்சு. துப்பாக்கி வேலை செய்யும்.
2. சுட முடியாமல் போவது. பீரங்கியோ குறி பார்க்கும் கருவியோ போச்சு. வண்டி ஓடும்.
3. முற்றிலும் அழிவது. குண்டுக் கிடங்கோ எரிபொருளோ தீப்பிடித்து, திரும்பச் சரி செய்யவே முடியாத நிலை.

விமானத் துப்பாக்கியால் மூன்றாவதைச் செய்வதை விட முதல் இரண்டைச் செய்வதுதான் எளிது. போர்க்களத்தில் அதுவே பல நேரம் போதும். ஆனால் வீடியோவுக்கு அது போதாது. தீப்பிழம்பு வேணும்!

இன்னொன்றும் சொல்லணும். குண்டு கவசத்தைத் துளைக்காவிட்டால் உள்ளே இருப்பவர் பத்திரம் என்று நினைக்காதீர்கள். பலமாக அடிக்கும்போது கவசத்தின் உள்பக்கத்தில் இருந்து இரும்புச் செதில்கள் பெயர்ந்து பறக்கும். பைக் விபத்தில் வருபவரின் வயிற்றில் வெளியே ஒரு கீறல் இருக்காது. ஸ்கேன் செய்தால் மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் நிறைந்திருக்கும். அதே கதைதான்.

வார் தண்டர் விளையாட்டைப் பாராட்ட வேண்டியது இந்த இடத்தில்தான். அதில் டாங்கிக்குள் இன்ஜின், குண்டு அடுக்கு, ஓட்டுநர், சுடுபவர் என்று தனித்தனியாக வைத்து, குண்டு எந்த வழியில் போனது என்று கணக்குப் போடுகிறார்கள். எக்ஸ்ரே மாதிரி உள்ளே பார்க்கவும் முடியும். இந்த "நிஜம்" மேல் ரசிகர்களுக்கு எவ்வளவு வெறி என்றால், "நீங்க செஞ்ச சேலஞ்சர் 2 டாங்கி தப்பு" என்று நிரூபிக்க 2021ல் ஒருவர் பிரிட்டன் ராணுவ ஆவணத்தின் பக்கங்களையே எடுத்துப் போட்டுவிட்டார். தம்பிகளா, அதை மட்டும் செய்யாதீங்க. ஜெயிலுக்குப் போற வேலை அது!

❖ போஸ்ட்மார்ட்டம் என்ன சொல்லுது?

மருத்துவத்தில் ஒரு பழைய பழக்கம் உண்டு. உயிரோடு இருக்கும்போது நாங்கள் எழுதிய நோய்க் காரணம் சரியா என்பதை போஸ்ட்மார்ட்டம் சொல்லிவிடும். போரிலும் அப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது.

1944 ஆகஸ்ட். பிரான்ஸில் மோர்ட்டேன் என்ற ஊர். ஜெர்மன் டாங்கிப் படையை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் ராக்கெட், குண்டு, துப்பாக்கி என்று எல்லாவற்றாலும் அடித்தன. பைலட்டுகள் அழித்ததாகச் சொன்ன டாங்கிகளே 150க்கு மேல். சேதப்படுத்தியதாகச் சொன்னதையும் சேர்த்தால் 250ஐத் தாண்டும்.

சண்டை முடிந்ததும் ஆய்வாளர்கள் நடந்தே போய் ஒவ்வொரு டாங்கியாகப் பார்த்தார்கள். களத்தில் கிடந்த டாங்கிகளும் தானியங்கி பீரங்கிகளும் மொத்தம் 46தான். அதில் விமானத்தால் அழிந்தவை என்று உறுதியானவை 9. ஏழு ராக்கெட்டால், இரண்டு குண்டு வீச்சால்.

பைலட்டுகள் பொய் சொன்னார்களா? இல்லை மக்களே. மூன்று வினாடி, புகை, புழுதி, உயிர் பயம். தீ தெரிந்தால் "போச்சு" என்றுதான் தோன்றும். ஒரே டாங்கியை நான்கு பேர் அடித்தால் நான்கு பேரும் ஒன்று ஒன்று என்று எண்ணுவார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. அடியே படாத பல டாங்கிகளை உள்ளே இருந்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தார்கள்.

பெரும்பாலான கேம்களில் பார்க்காத ஆயுதம் இது. பயம்! கேமில் வரும் டாங்கிக்காரனுக்கு அம்மா கிடையாது, மனைவி கிடையாது. அதனால் பெரும்பாலும் அவன் வண்டியை விட்டு ஓடுவதில்லை.

❖ "அப்போ லோங்கேவாலா?"

கேட்பீர்கள் என்று தெரியும். நம் நாட்டில் விமானம் டாங்கியை அடித்த கதை என்றாலே அதுதான். 1997ல் வந்த 'பார்டர்' படம் பார்த்தவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

1971 டிசம்பர் 4 இரவு. ராஜஸ்தான் பாலைவனத்தில் லோங்கேவாலா காவல் நிலை. மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி தலைமையில் பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 23வது பட்டாலியனைச் சேர்ந்த சுமார் 120 பேர். எதிரே பாகிஸ்தானின் டி-59, ஷெர்மன் டாங்கிகள். ஜெய்சல்மேரில் இருந்த நம் ஹண்டர் விமானங்களுக்கு இரவில் தாக்கும் வசதி கிடையாது. விடியும் வரை அந்த 120 பேர்தான் தாக்குப் பிடித்தார்கள்.

5ஆம் தேதி காலை வெளிச்சம் வந்ததும் விரல் விட்டு எண்ணக்கூடிய ஹண்டர்கள் மாறி மாறி வந்து அடித்தன. பாகிஸ்தான் இழந்தது 36 டாங்கிகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் விமானத்தின் பங்கு எவ்வளவு, தரைப்படையின் பங்கு எவ்வளவு என்று பல ஆண்டுகள் கழித்தும் இரு தரப்பு ஓய்வு பெற்ற அதிகாரிகளிடையே விவாதம் நடந்தது. ஆனால் விமானங்கள்தான் அந்தத் தாக்குதலின் முதுகெலும்பை உடைத்தன என்பதில் சந்தேகமே இல்லை.

"பாத்தீங்களா டாக்டர், கேம் கரெக்ட்தானே?" என்கிறீர்களா? பொறுங்க.

ஹண்டரில் 30 மி.மீ. ஏடன் துப்பாக்கி நான்கு. ஒவ்வொன்றுக்கும் 150 குண்டு வரை. விசையை அழுத்திப் பிடித்தால் ஏழு எட்டு வினாடியில் எல்லாம் காலி. அதாவது இரண்டு மூன்று பாய்ச்சல். கூடவே ராக்கெட்டும் இருந்தது.

அங்கே எது கைகொடுத்தது?

✔ வெட்டவெளிப் பாலைவனம். டாங்கிக்கு ஒளிய ஒரு மரம் இல்லை.
✔ மேலே பாகிஸ்தான் விமானம் ஒன்றுகூட இல்லை. நம் பைலட்டுகளால் நிதானமாகத் திரும்பத் திரும்ப வர முடிந்தது.
✔ கீழே இருந்து அவர்களால் இயந்திரத் துப்பாக்கியால் மட்டுமே எதிர்க்க முடிந்தது.
✔ மேலிருந்து அடித்ததால் மெல்லிய மேல்பக்கமும் பின்பக்கமும் கிடைத்தன. டாங்கிகள் கூடுதல் எரிபொருளையும் சுமந்து வந்திருந்தன.

நோயாளி பிழைத்தால் "மருந்து சூப்பர்" என்று மட்டும் சொல்லக்கூடாது. எந்த நோயாளி, எந்த நிலையில் வந்தார் என்றும் பார்க்கணும். லோங்கேவாலாவில் நம் பைலட்டுகளின் திறமைக்கு முழு மதிப்பெண். அதே ஹண்டர்களை, விமான எதிர்ப்பு ஏவுகணை உள்ள ஒரு படைக்கு மேலே அனுப்பியிருந்தால் கதை வேறு.

வெடிக்கும் டாங்கியைக் காட்டும் கேம்கள் இந்த நான்கு டிக்கையும் காட்டுவதில்லை. எனக்கு வருத்தம் அதில்தான்.

❖ "கேம்தானே டாக்டர், ஜாலிக்கு ஆடறது!"

ஒத்துக்கிறேன். ஜாலிக்கு ஆடும் கேம் ஜாலியாகவே இருக்கட்டும். கேரம் போர்டில் யாரும் இயற்பியல் கேட்பதில்லை. பிள்ளைகள் கையில் இருந்து பிடுங்கச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் வெடிக்கும் அந்தப் படம் கேமுக்குள்ளேயே நிற்பதில்லை.

2017 நவம்பரில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் "மறுக்க முடியாத ஆதாரம்" என்று சில படங்களை வெளியிட்டது. அதில் ஒன்று, விமானத்தில் இருந்து வாகனங்களைச் சுடும் ஒரு செல்போன் கேமின் காட்சி! பிறகு நீக்கினார்கள். 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் "கீவ் நகரின் பேய் விமானி" என்று உலகம் முழுக்கச் சுற்றிய வீடியோ டிசிஎஸ் சிமுலேட்டரில் எடுத்தது. 2025 மே மாதம் நமக்கும் பாகிஸ்தானுக்கும் சண்டை நடந்த நாட்களில் ஆர்மா 3 விளையாட்டின் காட்சிகள் நிஜப்போர் என்று சுற்றின. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவே மறுப்பு வெளியிட வேண்டி வந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை, ஓபியில் ஒரு அம்மா. பிபி 190/110. இரவு முழுக்கத் தூங்கவில்லை. மாத்திரையும் போடவில்லை. "என் புள்ள டாங்கிப் படையில இருக்கான் சார்" என்று போனை நீட்டினார். விமானம் சுடுகிறது, வரிசையாக டாங்கிகள் வெடிக்கின்றன. சொந்தக்காரர் ஒருவர் குடும்ப குரூப்பில் அனுப்பியது.

இரண்டு தடவை பார்த்தேன். வெளிச்சமும் சத்தமும் ஒரே நொடியில் வந்தன. ஒரு டாங்கியில் இருந்தும் ஒரு ஆள் இறங்கி ஓடவில்லை. "அம்மா, இது கம்ப்யூட்டர் விளையாட்டும்மா. நானே இந்த மாதிரி ஆடியிருக்கேன்" என்றேன். அந்த முகம் மாறியதைப் பார்த்தபோது எந்த மாத்திரைக்கும் இவ்வளவு வேகம் கிடையாது என்று தோன்றியது. (பிபி மாத்திரையும் கொடுத்துத்தான் அனுப்பினேன். அதை நிறுத்தாதீங்க!)

அந்த வீடியோவை அனுப்பியவர் கெட்டவர் கிடையாது. விமானம் சுட்டால் டாங்கி அப்படித்தான் வெடிக்கும் என்று அவர் மனதில் ஏற்கனவே ஒரு படம் இருந்தது. அதனால் நம்பினார். அந்தப் படத்தைப் போட்டது யார்? சினிமாவும் கேமும்தான்.

❖ எப்படிக் கண்டுபிடிப்பது?

1. சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடித்தால் வெளிச்சம் முதலில், சத்தம் மூன்று வினாடி கழித்து. தீபாவளி வாணத்தில் பார்த்திருப்பீர்கள்.

2. விமானத் துப்பாக்கிக் குண்டு ஒலியை விட வேகமானது. இலக்குக்குப் பக்கத்தில் நின்று எடுத்த நிஜ வீடியோவில் முதலில் புழுதி கிளம்பும், பிறகுதான் "பர்ர்ர்" சத்தம் வரும்.

3. மனிதர்கள் இருக்கிறார்களா பாருங்கள். கேமில் மனித அசைவைச் செய்வது கடினம். அதனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலும் ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

4. வீடியோ மங்கல், இருட்டு, கேமரா வேண்டுமென்றே நடுங்குகிறது, ஒலியே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். ஆர்மா 3 தயாரித்த நிறுவனமே 2022ல் மக்களுக்குச் சொன்ன அறிவுரை இது.

5. அடிபட்ட ஒவ்வொரு டாங்கியும் ஒரே மாதிரி தீப்பிழம்பாக வெடிக்கிறதா? நிஜத்தில் ஒன்று நிற்கும், ஒன்று புகையும், ஒன்று ஒன்றுமே ஆகாத மாதிரி போகும்.

❖ கடைசியாக அந்தத் தம்பிக்கு

தம்பி, சிமுலேட்டர் ஆடுங்க. தப்பே இல்லை. ஆனால் கடினமான நிலையில் ஆடுங்க. குண்டு குறைவாக, எதிரி திருப்பிச் சுடுவது மாதிரி வைத்து ஆடுங்க. பத்துப் பாய்ச்சலில் ஒரு டாங்கி நின்றால் அதுவே சாதனை என்று தெரியும். அதன் பிறகு லோங்கேவாலா பைலட்டுகள் மேல் உங்களுக்கு வரும் மரியாதையே வேறாக இருக்கும்.

சிமுலேட்டர் செய்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காக்பிட் விளக்கைச் செய்ய எடுத்த உழைப்பில் கால்வாசியை, அடி வாங்கும் டாங்கிக்கும் கொடுங்க. நிற்கும் டாங்கி, சுட முடியாத டாங்கி, ஆள் இறங்கி ஓடிய டாங்கி எல்லாம் வரட்டும்.

நம் ஊருக்கு இது தூரத்துக் கதையும் கிடையாது. 1965ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது ஆவடியில். அர்ஜுன் டாங்கியை வடிவமைத்ததும் ஆவடியில். டாங்கிக் கவசத்தைத் துளைக்கும் டங்ஸ்டன் கலவை ஊசிகளைச் செய்யும் ஆலை திருச்சியில். அந்த டாங்கிகளுக்குள் உட்காரப்போவது நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஒரு டாங்கி வெடித்தால் கேமில் மதிப்பெண் ஏறும். நிஜத்தில் உள்ளே மூன்று நான்கு பேர் இருப்பார்கள். தீக்காய வார்டில் ஒரு நாள் டியூட்டி பார்த்தவர்கள் யாரும் அந்த வீடியோவுக்குக் கை தட்ட மாட்டார்கள், அது எந்த நாட்டு டாங்கியாக இருந்தாலும்.

அடுத்த முறை குரூப்பில் அப்படி ஒரு வீடியோ வந்தால், ஃபார்வர்டு பட்டனைத் தொடும் முன் மூன்று வினாடி நிறுத்துங்க. ஒரு பைலட்டுக்குக் கிடைக்கும் அதே மூன்று வினாடி. அதில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் ஆட்களையும் பாருங்க.



- அரசு மருத்துவர், செங்கல்பட்டு மாவட்டம்